இருமல் அப்படியே இருக்கட்டும்

இசிக்குல் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பாலிக்சியில் காற்றுக்கு இரண்டு பெயர். மேற்கே பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வருவது உலான். கிழக்கிலிருந்து ஏரியைத் தடவிக்கொண்டு வருவது சந்தாஷ். இரண்டும் ஓய்ந்திருக்கும் வேளை பார்த்துத்தான் பாத்மா புத்தகம் வாசிக்க உட்காருவாள்.

பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காக அவள் வாசித்தாள். பிஷ்கெக்கில் இருக்கும் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடம் புத்தகத்தை அனுப்பிவைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை வாசித்துப் பதிந்து அத்தியாயம் அத்தியாயமாகத் திருப்பி அனுப்புவாள். மேசையைச் சுற்றிக் கொடி கட்டிக் கம்பளி மெத்தைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கும் ஒரு சின்ன விளக்கும் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அந்தக் குரல் சுவர் வழியாகத்தான் வரும். ஒரு சொல்லும் பிடிபடாது. தண்ணீருக்கடியில் யாரோ யாருக்கோ கதை சொல்வது போல இருக்கும். அதைக் கேட்டபடி எத்தனையோ மதியங்களில் நான் தூங்கிப்போயிருக்கிறேன்.

அவள் கணவர் தோரோன்பெக் ரயில் நிலையத்தில் வேகன் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவர். கரித்தூசி நெஞ்சில் தங்கி, வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். அவள் வாசிக்கும்போது அடுப்புப் பக்கம் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இருமலை அடக்கப் பார்ப்பார், முடியாது. உப்பு வணிகர்களைப் பற்றிய ஒரு தடித்த நாவலை அவள் பாதி முடித்திருந்தபோது, கோடையின் கடைசியில், அவர் போய்ச் சேர்ந்தார். வணிகர்கள் பாலைவனத்தின் நடுவில் ஒட்டகங்களோடு அப்படியே நின்றுவிட்டார்கள். இலையுதிர்காலம் முழுக்க பாத்மா மைக்கைத் தொடவில்லை.

பனி விழத் தொடங்கியதும் ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து கிளாரா அம்மாள் போன் செய்தார். பாத்மா வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது.

"பாத்மா, குரல் என்னவோ தேன்தான். ஆனா பின்னாலேயே யாரோ இருமிக்கிட்டு இருக்காங்களே! அதைத் துடைச்சு அனுப்பக் கூடாதா? சத்தத்தை எடுக்கறதுக்குன்னே இப்ப என்னென்னமோ வந்திருக்காமே?"

"சரிங்க," என்றாள் பாத்மா. இருமியது யார் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே தேடி, இலவசம் என்று போட்டிருந்த ஒரு சத்தம் நீக்கியை இறக்கினாள். பச்சையாக ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினாள். அதற்கு அப்புறம் கம்ப்யூட்டர் அவள் சொன்னபடி நடக்கவில்லை. சும்மா வைத்திருந்தாலே விசிறி ஓலமிட்டது. பெட்டி கணப்பு போலச் சுட்டது. சூதாட்டப் பக்கங்கள் தாமாகத் திறந்து தங்க நாணயங்களைப் பொழிந்தன. திரை முழுக்கச் சிவந்து, 'ஆபத்து, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று ஒரு பலகை வந்து நின்றது. வீட்டுக்குள் முகம் தெரியாத யாரோ நடமாடுவது போல இருந்தது என்று என்னிடம் சொன்னாள். அவள் வந்து என் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்துகொண்டாள். நான்தான் கிளாரா அம்மாளைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் சரிசெய்யும் ஒரு பையனின் எண்ணைக் கொடுத்து, அவனே கூப்பிடுவான் என்றார்.

மறுநாள் காலை அந்த எண்ணிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. பேசியதையெல்லாம் பாத்மா பின்னால் எனக்குச் சொன்னாள்.

"பாத்மா அக்காவா? நான் உலார்பெக். எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரியாது, மத்தபடி எல்லாம் தெரியும்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. அந்தச் சிவப்புப் பலகையில ஒரு நம்பர் இருந்திருக்குமே, கூப்பிட்டீங்களா?"

"கை வரைக்கும் போச்சு தம்பி. கூப்பிடல."

"தப்பிச்சீங்க. அவன் உதவறேன்னு வந்து வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிருப்பான். சரி, எதை இறக்கினீங்க?"

அவள் சொன்னாள்.

"பச்சை பட்டனா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கறவங்க எல்லாரும் பச்சையைப் பாத்தா அமுக்கிடறீங்க. எனக்குப் பச்சைன்னா என்னன்னே தெரியாது. அதனால என் கம்ப்யூட்டர் நல்லாயிருக்கு."

அவன் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் இரண்டு கருவிகளை இறக்கினாள். ஒன்று அவன் தன் அறையில் இருந்தபடியே அவள் கம்ப்யூட்டரை இயக்குவதற்கு. இன்னொன்று திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இயந்திரக் குரல். திரையில் வந்த எண்களை அவள் போனில் சொன்னாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அம்புக்குறி லேசாக அசைந்து, அவள் கை படாமலே, திரையைக் கடந்து போனது.

பாத்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நொடி வீடு முழுக்க ஒரு பெண்குரல் கிசுகிசுக்க ஆரம்பித்தது. அத்தனை வேகம், கூரையில் ஆலங்கட்டி உருள்வது போல. பெட்டிகள் திறந்தன, மூடின, பட்டியல்கள் ஓடின. இருட்டில் ஒருவன் அவள் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வைப்பது போல இருந்தது. ஆனால் இப்போது பயமாக இல்லை. தூக்கம் வரும் போல இருந்தது.

"இவ்வளவு வேகமா பேசறா, உனக்கு ஏதாச்சும் புரியுதா?"

"இவளா? இவ நிதானமான பொம்பளை. நான் எதையும் இந்த வேகத்துலதான் கேப்பேன். உங்க புத்தகத்தை மட்டும் வேகம் கூட்டறதில்ல."

தன்னைக் கேட்பவர்களில் ஒருவரோடும் பாத்மா அதுவரை பேசியதே இல்லை.

"போனைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்துல வையுங்க அக்கா. விசிறியைக் கேக்கணும்."

வைத்தாள். ஓலம் கேட்டது. என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பெட்டியை அவன் திறந்தான். ஓலம் சட்டென்று தணிந்து, பெருமூச்சாகி, நின்றது. பெட்டியை மூடினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓலம்.

"பாருங்க கள்ளனை! நாம எட்டிப் பாத்தா தூங்கற மாதிரி படுத்துக்கறான். நாம போனதும் எழுந்து யாருக்கோ காசு சம்பாதிக்கறான், உங்க கரன்ட்ல. முதல்ல ஒரு ஸ்கேன் ஓடவிடுவோம். நேரமாகும். நான் சாப்பிடலாமா?"

போனில் அவன் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை மெல்லும் சத்தம் வந்தது. பாத்மாவும் பால் தேநீர் ஊற்றிக்கொண்டு திரை எதிரே உட்கார்ந்தாள். ஒரு பச்சைக் கோடு எறும்பு போல நகர்ந்தது. வெளியே பனி காற்றில்லாமல் நேராக இறங்கியது.

"உங்க வீடு எனக்கு நல்லாத் தெரியும் அக்கா," என்றான் உலார்பெக். "கெட்டில் மூடி ஆடும். எப்பவாச்சும் தூரத்துல ரயில் கூவும். ஒரு நாய், பெரிய நாயா இருக்கணும், ரெண்டு தடவை குலைச்சுட்டு விட்டுடும். அப்புறம் இருமறவரு. இன்னிக்கு அவர் சத்தமே இல்லையே? வெளியில போயிருக்காரா?"

பச்சைக் கோடு நகர்ந்தது.

"அவரு போயிட்டாரு தம்பி. கோடை முடியறப்ப."

மெல்லும் சத்தம் நின்றது. இயந்திரக் குரல் மட்டும் நடுநடுவே எதையோ எண்ணிச் சொன்னது.

"எங்களுக்குத் தெரியாதே அக்கா," என்றான் கடைசியில். "அவரைப் பத்தி நாங்க பேசிக்குவோம். ஒரே புத்தகத்தைக் கேக்கற ஏழெட்டுப் பேரு, போன்ல அரட்டை அடிப்போம். ஒட்டகம் செத்த இடத்துல அவர் இருமினாரே, அழுகைய மறைக்கத்தான்னு நான் சொன்னேன். நுர்கமால்னு ஒருத்தி, அது மனுஷன் இல்ல, ஆடுன்னு இன்னிக்கு வரைக்கும் அடம்பிடிக்கறா."

"ஆடா?"

"ஆடுதான். குளிருக்கு உள்ளே கட்டி வெச்சிருக்காங்கன்னு சத்தியம் பண்றா."

பாத்மா சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சிரித்துக் கேட்டு அத்தனை மாதம் ஆகியிருந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் அது வேறொன்றாக மாறியது. அதையும் அவன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அழத்தான் அழுதாரு," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த ஒட்டகத்துக்காக. அந்த இருமலை எடுக்கத்தான் நான் அந்தப் பட்டனை அமுக்கினேன். கிளாரா அம்மா துடைக்கச் சொன்னாங்க."

"துடைக்காதீங்க," என்றான். கெஞ்சுகிற குரல் இல்லை, கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "நீங்க வாசிச்சா தனியாக் கேக்கற மாதிரி இருக்காது. அவரும் கூடக் கேப்பாரு."

ஸ்கேன் முடிந்தது. பிடித்தவற்றை அழித்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் விசிறி மறுபடி ஓலமிட்டது.

"வேர் உள்ளே இருக்கு. முளைச்சுக்கிட்டே இருக்கும். சேஃப் மோடுல போகணும். அதுல அவசியமானது மட்டும்தான் எழுந்திருக்கும், இவன் எழ மாட்டான். ஆனா ஒரு சங்கடம் அக்கா. அதுல சத்தம் வராது. நம்ம வேகப் பொம்பளை ஊமையாயிடுவா. நான் உள்ளே வருவேன், ஆனா ஒண்ணும் கேக்காது. நீங்கதான் வாசிக்கணும்."

"அதெல்லாம் இங்கிலீஷ், கோடு, புள்ளின்னு கண்டபடி இருக்குமே. எப்படி வாசிக்கறது?"

"புத்தகம் வாசிக்கற மாதிரி."

திரை இருண்டது. கம்ப்யூட்டர் விழிக்கும் வரை அந்த வீட்டில் எந்தக் குரலும் இல்லை. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் பெரிதாக, அழகில்லாமல் வந்து நின்றன. பாத்மா பழக்கத்தில் மெத்தைகளை இழுத்து மூடிக்கொண்டு, விளக்கைப் போட்டாள். தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். வாசிக்கத் தொடங்கினாள்.

கோப்புகளின் பெயர்களை வாசித்தாள். அவை பிறந்த தேதிகளை வாசித்தாள். அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களை, தொலைதூர ஊர்களின் பெயர்களைச் சொல்வது போல, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். எனக்குச் சுவர் வழியாகக் குரல் மட்டும் வந்தது. உப்பு வணிகர்கள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அடுப்பில் கரி போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"நிறுத்துங்க. அதைத் திரும்ப."

"ஒலி உதவியாளர்," என்று வாசித்தாள். தேதியையும் சொன்னாள்.

"சத்தம் நீக்கியை என்னிக்கு இறக்கினீங்க?"

"அன்னிக்குத்தான்."

"வேஷம் போட்டிருக்கான் பாருங்க, உதவியாளராம்! இவன் தனியா இருக்க மாட்டான். காவலுக்கு ஒருத்தன் இருப்பான். செத்தா திரும்பப் பிறக்கவைக்கறதுக்கு ஒரு கட்டளையும் இருக்கும். நேரம் வெச்சு வேலை செய்யற பட்டியல் ஒண்ணு திறக்கறேன். வாசிங்க."

வாசித்தாள். கட்டளை அகப்பட்டது. அம்புக்குறி தடுமாறித் தடுமாறி நகர, "கொஞ்சம் மேல... இன்னும்... அங்கதான்," என்று அவள் சொல்ல, முதலில் கட்டளை போனது, அப்புறம் காவல்காரன், கடைசியில் உதவியாளர். சத்தம் நீக்கியையும் வேரோடு பிடுங்கினார்கள். மீண்டும் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் போட்டபோது இருவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். விசிறி மெல்லச் சுற்றி, ஓசையடங்கி, நின்றது. தங்க நாணயங்கள் வரவில்லை.

"இன்னும் ஒரு முழு ஸ்கேன் ஓடட்டும். உங்க பதிவுகள் மலை மாதிரி இருக்கு, நாளைக்கு மதியம் வரைக்கும் ஓடும். பாஸ்வேர்டையெல்லாம் போன்லேருந்து மாத்திடுங்க. மாத்தினதை எங்கிட்ட சொல்லாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மறுநாள் காலை அவள் கிளாரா அம்மாளை அழைத்து, இருமியது யார் என்று சொன்னாள். அந்த அம்மாள் முதலில் அழுதார், பிறகு வாதாடினார்.

"பாத்மா, மனசு கேக்கலதான். ஆனா தரம்னு ஒண்ணு இருக்கே!"

"தரம் கெடாது. கேக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க."

"முதல் அத்தியாயத்துலயாவது எடுத்துடுவோமே. புதுசாக் கேக்கறவங்க பயந்துடுவாங்க."

முதல் அத்தியாயத்தை மட்டும் பாத்மா விட்டுக்கொடுத்தாள். மற்றவற்றில் இருமல் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கிளாரா அம்மாளுக்கு அது முழுச் சம்மதமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

மதியம் உலார்பெக் கூப்பிட்டபோது பச்சைக் கோடு இன்னும் முடியவில்லை.

"ஏரி உறைஞ்சிருச்சா அக்கா?"

"இசிக்குல் என்னிக்கு உறைஞ்சுது? ஆவி பறக்குது."

"நான் பக்கத்துல போனதே இல்ல. ஒரு தடவை பஸ்ஸுல தாண்டிப் போனேன், எல்லாரும் ஏரி ஏரின்னு கத்தினாங்க. எனக்கு இன்ஜின்தான் கேட்டுச்சு."

பாத்மா போனை வைக்காமலே சால்வையைப் போர்த்திக்கொண்டாள். என் கதவைத் தட்டி, "வர்றியா?" என்றாள். இரண்டு பேரும் தண்டவாளத்தைத் தாண்டி, புகைமீன் விற்பவர்களைத் தாண்டிக் கரைக்குப் போனோம். எதிர்க்கரை மலைகள் இல்லை. வானமும் இல்லை. வெள்ளை ஆவி மட்டும் தண்ணீரிலிருந்து எழுந்து, எழுந்த இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. கரைக்கற்களில் படிந்த பனிக்கட்டிச் சில்லுகளை அலை மெதுவாக உரசியது. கண்ணாடி வளையல்கள் குலுங்குவது போல ஒரு சத்தம்.

அவள் குனிந்து போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தாள். உலார்பெக்கின் அறையில் ஒரு கதவு மூடும் சத்தம் மட்டும் வந்தது. சந்தடி வேண்டாமென்று அவனே மூடியிருப்பான்.

"போதும் அக்கா," என்றான் ரொம்ப நேரம் கழித்து. "கை விறைச்சிடும்."

"இருக்கட்டும். நீ கேளு."

வீடு திரும்பியபோது ஸ்கேன் முடிந்திருந்தது. ஒன்றுமில்லை என்று திரை சொன்னது. அம்புக்குறி ஓரமாக நகர்ந்து, இணைப்பை மூடும் பெட்டிமேல் நின்றது.

"நான் கிளம்பறேன் அக்கா. வணிகர்களை எப்ப கூட்டிட்டு வருவீங்க? பாலைவனத்துலயே விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நுர்கமால் திட்டறா."

"இன்னிக்கே கிளப்பறேன். அது முடிஞ்சதும் வேற என்ன வாசிக்கட்டும்? நீங்க எல்லாரும் கேக்கறதைச் சொல்லு, கிளாரா அம்மாகிட்ட நான் பேசறேன்."

அவன் யோசித்தான். "சாப்பாடு நிறைய வர்ற புத்தகமா எடுங்க. இவங்க உப்பை மட்டும் சுமந்துக்கிட்டு, சாப்பிடவே மாட்டேங்கறாங்க."