ஒரு கை இல்லாத கவுன்

பேப்பரோடு வந்த இணைப்பில் அந்தப் பச்சைக் கவுனைப் பார்த்ததும் அதை மடித்துத் தையல் மெஷினுக்கு அடியில் செருகினேன். படம் தீப்பெட்டி அளவுதான். ஆனால் நான் தைத்தது எனக்குத் தெரியாதா? இடுப்புச் சுருக்கத்தை இடப்பக்கம் சாய்த்து வைப்பவள் நான் ஒருத்திதான். தையல் கற்றுக்கொடுத்தவள் தலையில் குட்டியும் மாறாத பழக்கம் அது. கவுனுக்கு வலது கை இருந்தது, இடது கை இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதைத் தைத்து முடிக்கவில்லை.

படத்துக்குக் கீழே, அருங்காட்சியகத்தின் இரண்டாவது மாடியில் திருநர், தன்பாலீர்ப்பாளர் கலைஞர்களின் கண்காட்சி என்று போட்டிருந்தது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கூடத்தில் அவன் படத்தை மாட்டி, பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பாதி நிஜமாகிவிட்டது. என் மகள் அந்தப் படத்தைத் துடைத்தே வளர்ந்தவள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அந்தப் படத்தின் முன்னால் நின்று உச்சுக் கொட்டினாள். "கோணல்மாணல் இல்லாத குடும்பம்னுதான் உங்களைத் தேடி வந்தோம்" என்றும் சொன்னாள். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

என் கெட்ட நேரம், அந்த அம்மாளுக்கு வேலையே அந்த அருங்காட்சியகத்தில்தான். எந்தக் காவலர் எந்த அறையில் நிற்க வேண்டும் என்று முறை போட்டுக் கொடுக்கிறவள். போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை என் மருமகளைக் கூட்டிட்டு வாங்க சம்பந்தி, ஓசியில சுத்திக் காட்டறேன். அந்த மாதிரி ஆளுங்க கண்காட்சி ஒண்ணு நடக்குது. சிரிச்சே வயிறு வலிச்சிடும்."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். போகாவிட்டாலோ, அங்கே என் பெயர் எழுதியிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தூக்கம் வராது. பெயர் இருந்தால் நான் சொன்ன பொய் வெளியே வரும், கல்யாணம் நின்றுபோகும். அதைப் பார்க்கத்தான் போனேன். தம்பியைப் பார்க்கப் போனேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

துணி வெளுத்துவிடும் என்று இரண்டாவது மாடியில் விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். முதல் அறையில் ஒரு புகைப்படம்: கட்டிலில் இரண்டு கிழவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி. ஒருவர் போட்டுக்கொண்டு பேப்பரை வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல வந்த கேட்டைப் பாருங்க" என்று சம்பந்தி சிரித்தாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேர் முகமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு, இல்லம்மா?" என்றாள்.

"வாயைப் பார்க்காம நட" என்றேன்.

கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கவுன் தொங்கியது. அதன் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஊசி குத்தி நிறுத்தியிருந்தார்கள். என் அளவுப் புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம். நான் அளவுப் புத்தகத்தில் யார் பெயரையும் எழுதுவதில்லை, பட்டப்பெயர்தான். நிறுத்தாமல் பேசுகிறவள் 'ரேடியோ', எதைத் தைத்துக் கொடுத்தாலும் இறுக்குகிறது என்கிறவள் 'மூச்சுமுட்டி'. அரை அங்குலத்துக்கு எண் போடமாட்டேன், பக்கத்தில் குருவி மூக்கு மாதிரி ஒரு கிறுக்கல். அது எனக்கும், என்னோடு கடையில் உட்காரும் என் மகளுக்கும் மட்டும்தான் புரியும்.

அந்தப் பக்கத்தில் பட்டப்பெயர் எழுதும் இடத்தில் நான் எழுதியிருந்தேன்: தங்கச்சி.

யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அளவெடுக்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றான். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். மூன்றாம் நாள் கவுன் அப்பா கையில் சிக்கியது. கூடத்தில் என் மாமியார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் அப்போது வயிற்றில், ஏழு மாதம். "யார் தைச்சது இது?" என்று அப்பா கேட்டார். "எனக்குத் தெரியாதுப்பா, துணியைத் திருடியிருப்பான்" என்றேன். அதோடு விட்டேனா? நான் யார் பக்கம் என்று வந்தவர்களுக்குக் காட்ட வேண்டாமா? துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, தோள்வரை அவன் வளர்த்திருந்த முடியை என் கையாலேயே வெட்டினேன். காதோரம் கிழிந்து ரத்தம் வந்தது. அவன் கத்தவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஆளைக் காணோம். கவுனையும் காணோம், புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் காணோம்.

பெட்டிக்கு அடியில் இருந்த குறிப்பை என் மகள் உரக்கப் படித்தாள். "'என்னை முதன்முதலில் தங்கச்சி என்று எழுதிய என் அக்காவின் நினைவாக. அவர் இறந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.'"

பெயர் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, கல்யாணம் தப்பித்தது. கொஞ்சம் கழித்துத்தான் 'இறந்து' என்பது உறைத்தது. நான் அவனைச் சாகடித்த அதே வருஷம் அவனும் என்னைச் சாகடித்திருக்கிறான்.

"இதைச் செஞ்சவங்க இவங்கதான்" என்று சம்பந்தி மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். "நாடகக்காரங்களுக்கு உடுப்பு தைக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து உட்கார்ந்து, கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லுவாங்க."

நரைத்த கொண்டை. காதோரம் ஒரு வெள்ளைத் தழும்பு. அவன் என்று இனிமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவள்தான். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாவம், உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?" சம்பந்தி கேட்டாள்.

"கத்தரிக்கோல் பட்டுடுச்சு" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "அதுலயே போயிட்டாங்க."

"அய்யய்யோ! இவங்களும் டெய்லர்தான், ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சம்பந்தி என் தோளைத் தட்டினாள்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்தாள். பையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து நீட்டினாள். நான் அன்று வெட்டி வைத்த இடது கை. சாக்கட்டிக் கோடுகூட அழியவில்லை.

"இதை மட்டும் வெச்சுத் தைச்சுக் குடுப்பீங்களா?" என்றாள்.

"ஏன், உங்களுக்கே தைக்கத் தெரியுமே?" என்றாள் சம்பந்தி.

"தெரியும். இது நான் தைக்கிறதில்ல."

துண்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். குத்திக்காட்ட வந்தவள் அப்படி ஏந்தமாட்டாள். கொடு என்று நான் கையை நீட்டியிருந்தால் போதும், வேறு ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவங்க விட்டுட்டுப் போன துணியை நான் தொடறதில்ல" என்றேன்.

அவள் துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "சரிங்கம்மா" என்றாள், வழி கேட்டுவிட்டுப் போகிறவள் மாதிரி. திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என் மகள் பெட்டியின் மேல் குனிந்தவள் இன்னும் நிமிரவில்லை. அவள் விரல் கண்ணாடி மேல் ஒவ்வோர் எண்ணாக இறங்கி, தோள் அளவின் பக்கத்தில் இருந்த குருவி மூக்கில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்தவளின் முகத்தை, தினமும் துடைத்த முகத்தை, வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா, தெரிஞ்சவங்க கையெழுத்தா?" சம்பந்தி கேட்டாள்.

என் உயிர் என் கையில் இல்லை.

"இல்ல அத்தை" என்றாள் என் மகள். "யாரோ செத்துப்போனவங்க கையெழுத்து."

பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கேட்டால் சொல்ல நானும் ஏழெட்டுப் பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க நாடாவோடு அவள் முன்னால் போய் நின்றேன். பிறந்த நாளிலிருந்து அவள் உடம்பில் ஏறியதெல்லாம் நான் தைத்ததுதான்.

"வேண்டாம், அளவு குடுத்துட்டேன்" என்றாள்.

"யார்கிட்ட?" என்றேன்.

"சித்திகிட்ட" என்றாள்.