தொண்ணூறு நாள் தொடாதவை

மனைவியின் அழைப்பை இரண்டாம் முறையாகத் துண்டித்துவிட்டு, குறிப்பு சார் நான்காவது குறிப்புக்கு வந்தார். ‘அழிக்கும் முன் பட்டியல் எடு.’ கல்வெட்டில் பொறிக்கவேண்டிய எழுத்துப் பருமனில் அது திரையில் நின்றது.

கல்லூரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தினமும் காலையில் ‘இன்றைய கட்டளைக் குறிப்பு’ என்று ஊழியர் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் தட்டிவிடுவார், தோட்டக்காரர் உட்பட. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுபவன் கடவுளுக்கு அடுத்த படியில் இருக்கிறான் என்பது அவர் கட்சி. மவுஸைப் பிடித்து வேலை செய்கிறவர்களையும் மனிதர்களாகத்தான் மதித்தார், அதற்கு மேல் இல்லை.

இன்று வகுப்பில் கட்டளை பழக வந்த ஊழியர்கள் ஐந்து பேர். உதாரணத்துக்கு, சனிக்கிழமை தாமே ஓட்டிய ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டார். மூன்றே வரி. தொண்ணூறு நாளாக யாரும் தொடாத கோப்புகளைத் தேடும், பழையது முதலாகப் பட்டியலிடும், அழிக்கும். சர்வரில் மூச்சுவிட இடமில்லை. ஆளை வைத்துக் கழித்தால் ஆறு மாதம், ஸ்கிரிப்டுக்கு நாலு நிமிஷம். இயக்குநரின் பேத்தி பிறந்தநாள் வீடியோக்களை மட்டும் பெயர் சொல்லி விலக்கியிருந்தார். கொள்கைக்கும் பிழைப்பு என்று ஒன்று உண்டல்லவா.

“பட்டியல்ல எத்தனை வரி சார்?” என்று கேட்டார், நூலகத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த அம்மாள். சாரைவிட ஆறு வயது மூத்தவர். எல்லோருக்கும் லைப்ரரி அக்கா.

“முப்பத்தெட்டாயிரம் சொச்சம்.”

“அத்தனையும் படிச்சீங்களா?”

“மேல இருபது வரி பார்த்தேன்க்கா. எல்லாம் பழைய குப்பை. கீழ மட்டும் என்ன, வைரமா இருக்கப்போகுது?”

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “நாங்க யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் வாசல் மேஜையில அடுக்கி வைப்போம். யாராவது ஓடிவந்து, இது வேணுமேன்னு தூக்கிட்டுப் போவாங்க.”

“அது புத்தகம்க்கா. இது சிஸ்டம்.”

மூன்றாம் முறையாகப் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தார்.

“ஏங்க, வகுப்புல இருக்கீங்களா? ஒரே நிமிஷம். உங்க அத்தை வந்து மாமா பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு மணி நேரம் கிடைச்சிருக்கேன்னு தீசிஸைத் திறந்தா, ஃபோல்டர் காலியா காட்டுது. எங்கயாவது மாத்தி வெச்சிருக்கீங்களா?”

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இன்றோடு தொண்ணூற்றாறு நாள். அன்றிலிருந்து கஞ்சி, மருந்து, படுக்கை மாற்றுவது என்று அவள் நாள் போய்க்கொண்டிருந்தது. ஆய்வேட்டை அவள் தொடவில்லை. மூன்று மழைக்காலம் குளக்கரைச் சேற்றில் முழங்கால் புதைய நின்று நீர்ப்பூச்சிகளை எண்ணியவள். மாதக் கடைசியில் சமர்ப்பிக்கவேண்டும். ஒரு முறை தவணை நீட்டியாகிவிட்டது, இனி நீட்டமாட்டார்கள். அவள் பென்டிரைவில் வைத்திருந்ததைப் பார்த்து, “இதெல்லாம் பொம்மை. என் சர்வர்ல போடு” என்று வாங்கி, அதிலிருந்ததைத் துடைத்தவர் அவர்தான். அப்பாவின் கட்டிலுக்காக அறையை ஒழித்தபோது, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று அவளுடைய குறிப்பேடுகளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவரும் அவர்தான்.

நகல் சர்வர் ஒன்று இருந்தது. மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது என்று அதற்குக் கட்டளை. தினமும் நண்பகலில் அது கீழ்ப்படியும், ஞாயிற்றுக்கிழமையும் கீழ்ப்படிந்திருக்கும். அது பதினேழாவது குறிப்பு. டேப்பில் தனிப் பிரதி எடுத்துவைப்பதைப் பழங்காலத்து வேலை என்று போன வருடமே நிறுத்தியாயிற்று. அது இருபத்தொன்பதாவது.

“இரு, பார்க்கறேன்,” என்றார்.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய், சனிக்கிழமை அழித்தவற்றின் பட்டியலில் அவள் பெயரைத் தேடினார். விரல்கள் ஒரு எழுத்துகூடத் தவறாமல் தட்டின. முப்பத்தெட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது வரியிலிருந்து வரிசையாக வந்தன.

“முதல் இயல், திருத்தியது,” என்று வாய்விட்டுப் படித்தார். எதற்காகப் படித்தார் என்று அவருக்கே தெரியாது.

“ஆமா, அதேதான்.”

“மூணாம் மழை, பெரிய குளம், எண்ணிக்கை.”

“ஆமாங்க. அப்பாடா, எனக்குக் கை காலே ஓடல.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அடுத்த வரிதான் வந்தது. “நாலாம் இயல், கடைசி. நாலாம் இயல், நிஜமாவே கடைசி.”

அவள் சிரித்தாள். இந்த மூன்று மாதத்தில் அவர் கேட்காத சிரிப்பு. “போதும், மானத்தை வாங்காதீங்க. இருக்குல்ல, அது போதும். திரும்பப் போட எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிஷம்?”

பட்டியலில் ஒரு குறையும் இல்லை. பெயர், அளவு, கடைசியாகத் தொட்ட தேதி, எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. போனுக்குள் அப்பா எதற்கோ முனகுவதும், “இதோ வந்துட்டேன் மாமா” என்று அவள் குரல் விலகுவதும் கேட்டன. பிறகு திரும்பி வந்தாள்.

“நீங்க பாருங்க, நான் லைன்லயே இருக்கேன். அப்புறம், நன்றியுரைன்னு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் இப்பவே திறந்து படிச்சிடாதீங்க.”

அது கடைசி வரியில் இருந்தது. அதற்குக் கீழே கர்சர், அடுத்த கட்டளை எதுவானாலும் செய்யத் தயாராக, விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.