ஜன்னலுக்கு ஒரு நீலம்

ஜூன் 3, செவ்வாய்.

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். நான்கு வாரமாக மண்ணைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துத்தான் சோதித்திருக்கிறேன். ‘காய்ச்சி வடித்த தண்ணீர்’ என்று மாலை வகுப்பு நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடிக்கோடு வேறு.

அக்காவுக்கு ஏழாம் மாதம். எழுந்து நடக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டதால் ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடக்கிறாள். அங்கிருந்து தெரிவது ஒரே ஒரு ஹைட்ரேஞ்சியா செடி. கார மண்ணில் அது இளஞ்சிவப்பாகப் பூக்கும், அமில மண்ணில் நீலமாக. பிரசவத்துக்குப் போகுமுன் நீலப்பூ காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மண்ணை அமிலமாக்கக் கந்தகத் தூளை அளந்து தூவிக் கிளறினேன். தினமும் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் சோதனைத் தாள் ஒவ்வொரு வாரமும் காரத்தைக் காட்டும் அதே கரும்பச்சை.

இன்று மாலை மாமா கெட்டிலுக்குள் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கு நுரைத்துக் கரைந்தது.

“நம்ம குழாய்ல தண்ணியா வருது? சுண்ணாம்பு! வீட்டுக்கே வெள்ளையடிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. வெறும் குழாய்த் தண்ணீரில் தாளை நனைத்தேன். அதே கரும்பச்சை.

“ஒரு கையால தூவி, மறு கையால அழிச்சிருக்கே, விஞ்ஞானி. எலுமிச்சைய வேர்லயே பிழிஞ்சிடவா?”

“ஐயோ, வேண்டாம் மாமா. ரெண்டு நாள்ல மண்ணு பழையபடி ஆயிடும்.”

கார் பேட்டரிக்கு ஊற்ற அவர் வாங்கி வைத்திருந்த வடித்த தண்ணீரில் மண்ணை மறுபடி கரைத்தேன். தாளில் பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தது. கொஞ்சம்தான். மூன்று முறை பார்த்தும் என்னை நான் நம்பவில்லை.

அக்காவிடம் சொல்லப் போனேன். அந்தி வெளிச்சம் திரைச்சீலை வழியாக இறங்கி, அறை முழுவதும் நீலமாக இருந்தது. கட்டில் மிதப்பதுபோல் தோன்றியது. கண்ணாடிக்கு அப்பால் மொட்டுகள்கூட நீலமாகத் தெரிந்தன. ‘வந்துவிட்டது’ என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் நினைத்தேன்.

“அக்கா, இந்தத் தடவை இளஞ்சிவப்புதான்.”

“தெரியும்டி. மொட்டு போன வாரமே சொல்லிடுச்சு. நீதான் ரிசல்ட் பாக்க வந்தவ மாதிரி அதுக்கு முன்னாடி நின்னுட்டே இருந்தே.”

“கோபமா?”

“இருந்துச்சு. அப்படியே தூங்கிட்டேன். கனவுல செடி மொட்டைமாடிய தாண்டி வளந்துடுச்சு. நீ ஏணியில நின்னு வானத்துக்குக் கரண்டி கரண்டியா கந்தகம் தூவுறே. மாமா கீழ நின்னு, ‘ஒரு சிட்டிகை கூடிப்போச்சு’ங்கிறாரு.”

சிரித்ததில் வயிறு அசைந்தது. அவள் அதன்மேல் கை வைத்துக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் நீலமா பூக்கட்டும். பாக்க இன்னொரு ஆளும் இருக்கும். நீ மொதல்ல தண்ணிய மாத்து.”

நாளை: சுண்ணாம்பில்லாத மழைத் தண்ணீருக்காகக் கூரையிலிருந்து இறங்கும் குழாயின் கீழே மூடி போட்ட டிரம் வைக்க வேண்டும். முதல் மழை கூரையைக் கழுவட்டும். அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும்.