மீதிப் பாட்டு

மாண்டலினின் எட்டுக் கம்பிகளில் ஆறைச் சுருதி சேர்த்துவிட்டான் பரந்தாமன். ஏழாவதைத் திருகும்போது பந்தலிலிருந்து சுந்தரமூர்த்தியின் குரல் வந்தது.

"பரந்தாமா! எங்கப்பா பூட்ட? பொறந்த வூட்டு கோடி இன்னும் வரலன்னு அல்லாரும் கேட்டுகினு கீறாங்க."

எதிர் வீட்டு மாடிப்படியில் ஒளிந்துகொண்டாலும் விடமாட்டார்கள் போலிருக்கிறது. காலையிலிருந்து இது நான்காவது அழைப்பு. முதலில் பந்தலுக்கு ஓடினான், பிறகு நாற்காலிக்கு, பிறகு தண்ணீர் கேனுக்கு, இப்போது செத்தவர் மேல் போடுகிற கோடித் துணிக்கு. செத்தவருக்கு மச்சான் என்று ஒருவன் இருந்துவிட்டால் போதும், மற்ற எல்லோரும் உட்கார்ந்து துக்கப்படலாம்.

"வரேன் பெரிய பாவா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான்.

செத்தவர் சிவப்பிரகாசம், அவன் அக்கா ரஞ்சிதத்தின் புருஷன், அவனுக்குப் பாவா. சுந்தரமூர்த்தி அவருக்கு அண்ணன். இந்த ஊர் கே.ஜி.கண்டிகைக்கு வெளியே, திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரை எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் பாவாவும் பரந்தாமனும் 'அந்த ரெண்டு பேர்'. பாவா கிடார், இவன் மாண்டலின். பாடுகிற ஆள் கிடையாது, தாளம் போட மெஷின் கிடையாது. பாவா இளவயதில் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் ஃபேன் ரிப்பேர் செய்யப்போன வீடுகளில் கேசட்டில் கேட்டுப் பிடித்துவைத்த இங்கிலீஷ் ராக் பாட்டுகள், நடுநடுவே பழைய தமிழ், தெலுங்கு சினிமாப் பாட்டுகள். ஜனம் பந்திக்கு இடம் பிடிக்க ஓடும். இவர்கள் மேடை ஓரத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

முந்தாநாள் சனிக்கிழமை திருத்தணியில் ஒரு கல்யாண வரவேற்பு. எந்தக் கச்சேரியையும் ஒரே இங்கிலீஷ் பாட்டில்தான் முடிப்பார்கள். அது பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதே டிஜேக்காரன் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டான். பாவா சண்டை போடவில்லை. கிடாரை உறையில் போட்டார்.

"வுடு பரந்தாமா. மீதிய அடுத்த மண்டபத்துல வாசிச்சிக்கலாம்."

பஸ் ஸ்டாண்டில் பரந்தாமனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்த கேட்டா இன்னா பாவா கொறஞ்சிடும்? நீங்க இப்டி இருக்கறதாலதான் நம்பள எவனும் மதிக்கறதில்ல!"

தன் ஊருக்குப் போகிற கனகம்மாசத்திரம் பஸ் வந்ததும் இவன் ஏறிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் வீம்பாக ஃபோன் பண்ணவில்லை. திங்கட்கிழமை விடிகாலையில் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

எடுப்பதற்குள் அந்த மீதியை வாசித்துவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். சொல்லிவிட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

திருத்தணிக்குப் போய்க் கோடி வேட்டியும் மாலையும் வாங்கிக்கொண்டு வந்தான். தட்டில் எடுத்து வைக்கும்போது சுந்தரமூர்த்தியிடம் மெதுவாகக் கேட்டான்.

"பெரிய பாவா, அஞ்சே நிமிஷம் மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. பாவாவுக்கு ஒரு பாட்டு வாசிச்சிடறேன்."

"சாவு வூட்ல கச்சேரியா? நாலு பேரு சிரிக்கவா? அந்த ஜால்ராவ ஓரமா வெச்சிட்டு கோடியப் போடற வழியப் பாரு."

"ஜால்ரா இல்ல, மாண்டலின்."

"இன்னாவோ ஒண்ணு."

தம்பி அரை வாழ்க்கை அந்த மேடையில் உட்கார்ந்திருந்தான். அண்ணனுக்கு அது 'இன்னாவோ ஒண்ணு'.

மூன்றரை மணிக்குப் பெங்களூரிலிருந்து பாவாவின் மகன் ஆகாஷ் வந்து இறங்கினான். அவன் அழுது ஓய்ந்ததும் எடுக்கிற அவசரம் எல்லோருக்கும் வந்துவிட்டது. வெடி வெடித்தது. மேளம் முன்னால் போக, பரந்தாமன் கோடித் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தான். மூன்று சுற்றுச் சுற்றிவந்து ஃப்ரீசர் பெட்டியின் அருகில் நின்றான்.

"போடுப்பா" என்றார் சுந்தரமூர்த்தி.

மச்சான் கோடி விழாமல் அந்த ஊரில் யாரையும் எடுத்ததில்லை. பரந்தாமனுக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது. தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"போடமாட்டேன்."

"இன்னாது?"

"மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. நான் வாசிச்சப்புறம் போடறேன். இல்லன்னா எட்த்துகினு இப்டியே போயிடுவேன்!"

குரல் உடைந்து கத்தலாக வந்தது. கூட்டம் கொந்தளித்தது. குடிச்சிட்டானா என்று ஒருவர் கேட்டார். பொணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான் என்று இன்னொருவர் கையை ஓங்கினார். அழுது அழுது குரல் போயிருந்த ரஞ்சிதம் பெட்டியின் தலைமாட்டிலிருந்து பேசினாள்.

"அவன் வாசிக்கட்டும். வுடுங்க."

சுந்தரமூர்த்தி வெறுப்போடு மேளக்காரர்களைப் பார்த்துத் துண்டை வீசினார். மேளம் நின்றது.

பரந்தாமன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாண்டலினை எடுத்துவந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தான். தெருவே அவனைப் பார்த்தது. விரல்கள் கம்பியின் மேல் நின்றன. நின்றுகொண்டே இருந்தன.

எங்கே ஆரம்பிப்பது? பாவாதான் ஆரம்பிப்பார். காலால் நாலு தட்டு தட்டுவார். கிடார் தனியாக இரண்டு சுற்றுப் போகும். அதன் மேல்தான் மாண்டலின் ஏறி உட்காரும். நடுவில் நின்றுபோன பாட்டையும் அவர்தான் கைதூக்கி எடுத்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் இவன் ஒரு பாட்டைக்கூடத் தானாகத் தொடங்கியதில்லை. இதற்காகவா விடிந்ததிலிருந்து நாயாக அலைந்து, இத்தனை பேரிடம் வசவு வாங்கினோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கண்ணாடிக்குள் பாவா தாடை கட்டி, மூக்கில் பஞ்சோடு கிடந்தார். அவர் ஆரம்பிக்கப்போவதில்லை.

பரந்தாமன் காலால் நாலு தட்டு தட்டினான். அடிக்கம்பிகளில் பாவாவின் கிடார் போகும் சுரங்களைப் பிடித்தான். மெலிசாக, தட்டையாக, ஒரே நடையில் அது நகர ஆரம்பித்தது. மாண்டலின் நுழைய வேண்டிய இடம் வந்தது. நுழையவில்லை. தன் பங்கை அப்படியே காலியாக விட்டுவிட்டு, பாவாவின் பங்கை மட்டும் வாசித்துக்கொண்டு போனான்.

கூட்டத்தில் ஒருவர் இருமினார். சுந்தரமூர்த்தி பொறுத்துப் பார்த்துவிட்டு ரஞ்சிதத்தின் பக்கம் குனிந்தார்.

"இன்னாம்மா இவன், டுங் டுங்னு இத்தையே போட்டுகினு கீறான்? பாட்டு எப்ப வரும்?"

"இதாங்க பாட்டு" என்றாள் ரஞ்சிதம். "அவரு வூட்ல தனியா வாசிக்கசொல்ல இப்டித்தான் இருக்கும்."

அந்த மெலிசான சத்தத்துக்கு மேலே ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்தபடியே சுவர்ப்பக்கம் கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.