இருபது மடங்கு

பெரிய நம்பர் போட்டிருந்தால் நல்ல சரக்கு என்று நினைப்பவர்கள்தான் ஊரில் அதிகம். குமுதாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரவாங் டவுன் கடைக்காரன் இரண்டு பைனாகுலர்களை மேசைமேல் வைத்தான். ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், மற்றது இருபது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எட்டை எடுக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

அவள் புருஷன் செல்லையா, சபாக் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதன்பிறகு கோல சிலாங்கூர் சேற்றுக்கரையில் பறவை எண்ணும் குழுவோடு சேர்ந்தார். அவர்கள் கொடுத்த இரவல் பைனாகுலரில் பார்த்துப் பார்த்தே கரையில் மேயும் உள்ளான் பறவைகளை வகை பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறினார். அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. இது கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் கை ஆடுவது பிடிக்காமல் குழுவுக்குப் போவதையே அவர் விட்டுவிட்டார். மனிதர் வீட்டோடு முடங்கியது குமுதாவுக்குப் பொறுக்கவில்லை. சொந்தமாக ஒன்று இருந்தால், கை அடங்கி நிற்கிற காலம் வரைக்குமாவது ஆசை தீரப் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினாள்.

அக்டோபரிலிருந்து ஞாயிறு தவறாமல் இருவரும் கரைக்குப் போனார்கள். அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, வளைந்த மூக்குக்காரன் வந்திருக்கிறான், ஒன்றுக்குக் காலில் வளையம் மாட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். காக்கையையும் மைனாவையும் தாண்டி எதுவும் தெரியாத குமுதாவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமை தாங்காது.

மார்ச்சில் ஒரு நாள் குழுவிலிருந்த மோகனா அங்கே வந்தாள். பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். செல்லையா காரிலிருந்து தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஸ்டாண்டு இல்லாம இத என்னாலயே புடிக்க முடியல. கை கொஞ்சம் ஆடுனாலும் உள்ள இருபது மடங்கு ஆடும்லா. அண்ணன் இதுல எப்படிப் பாக்குறாரு?"

குழுவில் எல்லோரிடமும் இருப்பது எட்டுதான் என்றும் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டுக் குமுதா கேட்டாள். செல்லையா மழுப்பவில்லை. முதல் நாளிலிருந்தே எதுவும் தெரியவில்லையாம். சொன்னதெல்லாம் பழைய ஞாபகத்திலிருந்து எடுத்துவிட்டதாம்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கடையில மாத்திக் குடுத்திருப்பான்ல?"

"நீ ஆசையா வாங்கியாந்த. தெரியலன்னு எப்படிப் புள்ள சொல்றது?"

இந்த மாதிரி நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உப்புக்குக்கூட உதவாது. குமுதா வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாளே ரவாங் போய் எட்டை வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கரையில் முதலில் அவளே அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். வளைந்த மூக்கு ஒன்று சேற்றிலிருந்து நண்டை இழுத்து, உதறி, விழுங்கியது. இறகின் ஓரக்கோடுகூடத் தெரிந்தது. இதையா மனிதர் ஐந்து மாதம் பார்க்காமல் இருந்தார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அந்த ஐந்து மாதத்தில் நடுக்கம் சும்மா இருக்கவில்லை. இப்போதெல்லாம் அவருக்குக் கோப்பையில் பாதிதான் காப்பி ஊற்றுகிறாள். அதை அவர் கையில் கொடுத்து, அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, முழங்கைகளைத் தன் தோள்மேல் ஊன்றச் சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள். அவர் கையின் ஆட்டம் தோள் வழியாக அவள் பல் வரைக்கும் வந்தது. பறவைகள் எதிரே மேய்ந்துகொண்டுதான் இருந்தன. இன்னும் சில நாளில் வடக்கே கிளம்பிவிடும்.

அவர் வெகுநேரம் முயன்று பார்த்தார்.

"தெரியல, குமுதா."

அக்டோபரில் அந்தக் கைக்கு இது போதுமாக இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும். வாரா வாரம் கூசாமல் பொய் சொன்ன மனிதர், இன்றைக்கும் ஒன்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.