எல்லா ஜன்னலும் ஒரே உயரம்

திரைச்சீலை தைக்கும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவளைப் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டில் எத்தனை ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நீளத் துணி என்று பட்டியல் போட்டுக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுப்பது அவள் வேலை. கால்குலேட்டரைத் தட்டித் தட்டி விரலே தேய்ந்துவிட்டது.

அவள் படும் பாட்டைப் பார்த்து நாத்தனார்தான் வழி சொன்னாள். அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிப் பழகியவள். அளவுகள்தான் ஏற்கெனவே கம்ப்யூட்டர் அட்டவணையில் இருக்கின்றனவே. அட்டவணையிலிருந்து வேண்டியதைக் கேட்டு வாங்கும் குவெரி பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் புதுப் பெயர் எழுதி, இரண்டு புள்ளி வைத்து, சதுர அடைப்புக்குள் உயரத்தையும் மடிப்பையும் போட்டு நடுவில் கூட்டல் குறி இட்டால், ஒவ்வொரு வரிக்கும் அதுவே கூட்டிக்கொள்ளும் என்று செய்தும் காட்டினாள்.

மறுநாள் காலை ஒரு பல் டாக்டரம்மாவின் வீட்டுப் பட்டியலுக்குப் பட்டியலக்கா தானே முயன்றாள். எழுதி ஓட்டியதும் சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் ‘உயரம்’ என்ற சொல், கீழே காலி இடம், அவ்வளவுதான். நேற்று இது வரவில்லையே என்று யோசித்தாள். முதல் ஜன்னலைச் சரிபார்க்கிறது போலிருக்கிறது என்று அதன் உயரம் 210ஐ அடித்தாள். முப்பது வரியும் மளமளவென நிரம்பின. அந்தச் சந்தோஷத்தில் வரிவரியாகப் பார்க்காமலேயே அச்செடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மதியத்துக்குள் மாஸ்டர் தாளோடு வந்து நின்றார்.

“பட்டியலக்கா, சமையலறை ஜன்னலும் மாடிப்படி ஜன்னலும் ஒரே உயரமா?”

தாளை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே வரை 235, அவள் அடித்த 210உம் மடிப்பு 25உம். ஒன்பது துணி வெட்டியாகிவிட்டதாம். திரும்ப ஓட்டினாள். பெட்டி அதையே கேட்டது. சமையலறை ஜன்னலின் 90ஐப் போட்டாள். எல்லாம் 115 ஆயின. வெறும் பூஜ்யம் போட்டாள். எல்லாம் 25. எதைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறதே, இதில் எதுதான் நிஜம் என்று தலை சுற்றியது.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவள் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, அட்டவணையில் உயரம் இருக்கும் கட்டத்துக்கு என்ன பேர் என்று பார்க்கச் சொன்னாள். ‘ஜன்னல் உயரம்’ என்று இருந்தது.

“நீங்க வெறும் உயரம்னு எழுதிட்டீங்க அண்ணி. அந்தப் பேர்ல அங்க ஒண்ணுமே இல்ல. அதான் உங்ககிட்டயே கேக்குது.”

“இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

நாத்தனார் முதலில் பெயரைத் திருத்தச் சொன்னாள்.

பெயரைத் திருத்தியதும் பெட்டி வரவில்லை. எண்கள் ஆளுக்கொரு பக்கமாக, ஜன்னல்களைப் போலவே ஏறி இறங்கி நின்றன. வெட்டியதில் ஏழு துணியைக் குறைத்துச் சரிசெய்யலாம் என்றார் மாஸ்டர். மாடிப்படிக்கான இரண்டு மட்டும் தொண்ணூறு சென்டிமீட்டர் குட்டை. அந்த வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் பட்டியலக்காவே போனில் பேசினாள். தப்பு தன்னுடையது என்று மென்று விழுங்காமல் சொன்னாள். கீழே அடர்நீலத்தில் பட்டை வைத்துத் தைத்துவிடச் சொன்னார் டாக்டரம்மா.

புதுப் பட்டியலை மாஸ்டரிடம் கொடுக்குமுன் மூன்று வரியைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். மூன்றும் சரியாகவே வந்தன. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான்காவதையும் போட்டாள்.