வம்சப் படத்தில் இல்லாத கோடு

மோகனப்ரியா திருமயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் மரபணுக் கோளாறுகளைத் தேடுவது அவள் வேலை. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் நாற்பத்தோரு குடும்பங்களில் ரத்தம் எடுத்திருந்தாள். அதில் ஒரு வீட்டுக்குத்தான் இப்போது போகிறாள், தான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள.

அது கண்ணம்மையின் வீடு. மகன் ஆனந்துக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை, வலிப்பு மட்டும் தவறாமல் வருகிறது. போன வருஷம் ரத்தம் எடுத்த அன்று, "இன்னொண்ணு பெத்துக்கலாமாங்க? அதுவும் இப்படியே வருமா?" என்று கேட்டாள் கண்ணம்மை. கணவன் சொக்கநாதன் அப்போது சிங்கப்பூரில் இருந்ததால் அவன் ரத்தம் கிடைக்கவில்லை. யார் மகன், யார் மகள் என்று கேட்டுக்கேட்டு மோகனப்ரியா வம்சப் படம் வரைந்தாள். சொந்தத்தில் கட்டியதா என்றதற்கு, இல்லை, அசல்தான் என்றாள் கண்ணம்மை.

ரத்தம் பேச ஆறேழு மாதம் ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் விஞ்ஞானிக்கு அழகு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மோகனப்ரியாவால் முடியவில்லை. "சொந்தமில்லேல்ல? தைரியமா பெத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள். இரக்கம் அறிவை முந்திக்கொண்டது, வேறென்ன.

முடிவு வந்தபோது கண்ணம்மைக்குப் பதினாலாவது வாரம். அவளே போன் போட்டுச் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். ஆனந்துக்கு ஒரே கோளாறு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்திருந்தது. ஒரே பாட்டன் பாட்டிக்குப் பிறந்த கிளைகள் சேர்ந்தால்தான் பெரும்பாலும் அப்படி வரும். படமோ உறவே இல்லை என்றது. தன் கையால் வரைந்த படம் பொய் சொல்லுமா? ரத்தம் எடுத்த குப்பிதான் மாறியிருக்கும் என்று முடிவுகட்டி, மறுபடி சோதனைக்கு அனுப்பினாள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவள் எழுதின ஏட்டை நம்பிக் கெட்டாள். ஒன்பது வாரம் கழித்து அதே முடிவு திரும்பி வந்தது.

இரண்டாவது முறையாக லீவில் வந்திருந்த சொக்கநாதன் நாற்காலி எடுத்துப் போட்டான். மோகனப்ரியா படத்தை விரித்து, எந்த வழியிலாவது உறவு உண்டா என்று கேட்டாள். அவன் சிரித்தான்.

"இவளப் பெத்த அப்பச்சியும் என்னையப் பெத்த ஆத்தாவும் கூடப் பொறந்தவுக."

"இதுல ஒங்க ஆத்தா பேரு வேறயா இருக்குங்களே?"

"அது கூட்டிக்கிட்ட ஆத்தாங்க. ஒம்பது வயசுல என்னைய இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கிட்டாக. அதுக்கப்புறம் பெத்த வீட்டைச் சொல்றது மொறையில்ல."

"நீங்க யாரு மகன்னுதான கேட்டீங்க?" என்றாள் கண்ணம்மை. "இந்த வீட்டு மகன்தான."

அவள் பொய் சொல்லவில்லை. சுவீகாரம் போன பிள்ளைக்குப் போன வீட்டோடுதான் உறவு; பெற்ற வீட்டு வழியில் அவன் அசல். யார் பெற்றது என்று கேட்க, திருவரங்குளத்தில், பிள்ளை கூட்டும் வழக்கம் இல்லாத விவசாய வீட்டில் வளர்ந்த மோகனப்ரியாவுக்குத்தான் தோன்றவில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றில் இருப்பதற்கும் அதே கோளாறு வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இப்போது இருபத்து மூன்றாவது வாரம். பனிக்குட நீர் எடுத்துச் சோதித்தால் முடிவு வர இன்னும் மூன்று வாரம். இருபத்து நாலு வாரத்துக்குமேல் கருவைக் கலைக்க மருத்துவக் குழு சம்மதிக்க வேண்டும்.

"உள்ள ஒதைக்குதுங்க" என்றாள் கண்ணம்மை. "இனிமே என்னத்தச் சோதிக்க? எப்ப எடுத்திருக்கணும்?"

"பதினாறு வாரத்துல எடுத்திருக்கலாம். யோசிக்க ஒங்களுக்கு நேரம் இருந்திருக்கும்."

"அப்ப ஒங்களுக்கே தெரியாது."

தப்பிக்க அவளே வழி விட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மோகனப்ரியா தலையாட்டவில்லை.

"தெரியுங்க. பதினாலாவது வாரத்துலயே காகிதம் என் கையில இருந்துச்சு. நான்தான் நம்பல."

சொக்கநாதன் எழுந்து வெளியே போய்விட்டான். ஆனந்த் ஃபேன் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தான். கண்ணம்மை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது மோகனப்ரியாவுக்கு.

"இவனுக்கு என்னன்னு தெரியாம மூணு வருஷம் அலைஞ்சோம்" என்றாள் கண்ணம்மை. "வலிப்பு வந்தப்ப பேய்னு சொல்லி அடிச்சாக. நானும் இவனப் புடிச்சுக்கிட்டேன். வயித்துல இருக்கிற இதுக்கு அப்படி ஆகக் கூடாது. பொறந்த அன்னைக்கே ரத்தம் எடுக்கணும். நீங்க வந்து எடுக்கணும்."

"கண்டிப்பா வாரேங்க."

"வாயால சொன்னது போதும். எழுதிக் குடுங்க."

மோகனப்ரியா படத்தைத் திருப்பிப் போட்டாள். பிறந்த அன்றே வருவேன், முடிவு கைக்கு வந்த அன்றே சொல்வேன் என்று எழுதினாள். கண்ணம்மை அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"கீழ ஒங்க பேரப் போடுங்க."